இலை பார்க்க அல்கோன்குவின் போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, நாங்கள் ஆகஸ்ட் முதல் வாரம் பிராம்ப்டனுக்குக் குடிவந்தோம். நான், மனைவி, நாலு வயதுப் பெண், ஊரிலிருந்து எங்களோடு வந்திருக்கும் அம்மா. தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்கெண்டில் வாடகைக்குக் கார் எடுத்து வடக்கே அல்கோன்குவின் என்ற பெரிய காட்டுப் பார்க்குக்குப் போய் இலை நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று யோசனை. பார்க்குக்குப் பக்கத்து ஊரான ஹண்ட்ஸ்வில்லில் ரூம் வாடகை கேட்டால் தலை சுற்றுகிறது. அதை விட்டால் வழி இல்லையா? முன்கூட்டியே என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, ரூமுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை வருகிறது. அல்கோன்குவினில் சர்க்கரை மேப்பிள் மரங்களின் நிறம் உச்சத்துக்கு வருவது பெரும்பாலான வருடங்களில் செப்டம்பர் கடைசி வாரத்தில். தள்ளிப்போனால் அக்டோபர் முதல் சில நாட்கள். லாங் வீக்கெண்டில் நீங்கள் போய்ச் சேரும்போது மேப்பிள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். சாலை மட்டும் கார்களால் நிரம்பியிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் லீவைப் பார்த்து நாள் குறித்துவிட்டு, எல்லோரும் சொல்கிற இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எந்த நாளில் போக முடியும் என்று பாருங்கள், அந்த நாளில் எங்கே நிறம் பிடித்திருக்கும் என்று பாருங்கள், அங்கே போங்கள். ஒன்டாரியோவில் நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வரும். செப்டம்பர் கடைசியில் அல்கோன்குவின். அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி மஸ்கோகா, ஹாலிபர்ட்டன் பக்கம். அக்டோபர் நடுவில் மில்டன் பக்கத்து ராட்டில்ஸ்னேக் பாயிண்ட், கெல்சோ. அதற்கும் அடுத்து ஸ்கார்பரோவின் ரூஜ் பள்ளத்தாக்கு. மாதக் கடைசியில்கூட நயாகரா ஆற்றை ஒட்டிப் போகும் பார்க்வேயில் நல்ல நிறம் கிடைக்கும். ஒரு மாதத்துக்குக் குறையாமல் உங்கள் கையில் இருக்கிறது, அந்த மூன்று நாளில் போயே ஆக வேண்டும் என்று இல்லை.

அல்கோன்குவின்தான் வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடுங்கள். விடியுமுன் கிளம்பி இரவு வீட்டுக்கு வந்துவிடலாம், ரூமே வேண்டாம். வார நாளில் லீவு கிடைக்காது, தேங்க்ஸ்கிவிங்தான் என்றால் அல்கோன்குவினை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொண்டு மில்டன் பக்கம் போங்கள். பிராம்ப்டனிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கேயும் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

தேதியை எப்படி முடிவு செய்வது? ஒன்டாரியோ பார்க்ஸ் இணையதளத்தில் சீசன் முழுக்க இலை நிற அறிக்கை போடுகிறார்கள். ஒவ்வொரு பார்க்கிலும் எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது, எந்த நிறம் தூக்கலாக இருக்கிறது, எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று இருக்கும். எல்லோரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் உதிர்ந்த கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மாறியது 70, 80 சதவீதம், உதிர்ந்தது மிகக் குறைவு என்றால் உடனே கிளம்ப வேண்டும். நூறு ஆகட்டும் என்று காத்திருந்தால் நடுவில் காற்றோடு ஒரு மழை அடித்து எல்லாம் தரையில் கிடக்கும்.

வெயில் அடிக்கிற பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். காரணம் எளிது. மஞ்சள் நிறமி கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் சிதைந்து போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. இலைக்காம்பின் அடியில் தடுப்பு உண்டாகி, இலையில் தங்கிப்போகும் சர்க்கரையிலிருந்து அந்த நேரத்தில் புதிதாக உருவாகிறது, அதற்கு வெயில் வேண்டும். இதை உங்கள் பெண்ணுக்கு நேரிலேயே காட்டலாம். ஒரு மேப்பிள் இலை மேல் இன்னொரு இலை படிந்து நிழல் விழுந்திருந்தால், வெயில் பட்ட பகுதி சிவந்தும், நிழல் விழுந்த பகுதி மஞ்சளாகவும் இருக்கும். மேலே கிடந்த இலையின் விளிம்பு வரைந்தது போல் தெரியும். தேடினால் எப்படியும் ஒன்று கிடைக்கும். குழந்தைகள் இதில் அப்படியே நின்றுவிடுவார்கள்.

அடுத்தது அல்கோன்குவினுக்கான பர்மிட். பகல் நேர வாகன பர்மிட்டை ஐந்து நாள் முன்பிருந்து எடுக்கலாம், காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். இந்த சீசனில் சனி, ஞாயிறுக்கு உடனே தீர்ந்துவிடும். வார நாட்களுக்கு அவ்வளவு அடிதடி இல்லை. போகும் நாளுக்கு ஐந்து நாள் முன்பு காலையில் வானிலையும் இலை அறிக்கையும் பார்த்துவிட்டு எடுத்தால் சரியாக இருக்கும். பார்க்கின் ஊடே போகும் ஹைவே 60 வழியாக எங்கும் நிற்காமல் கடந்து போவதற்குப் பர்மிட் வேண்டாம். ஒரு டிரெயிலில், அதாவது காட்டு நடைபாதையில், இறங்கினாலும், பிக்னிக் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் வேண்டும். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் போகாதீர்கள்.

பார்க்குக்குள் ஹைவே 60 மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசல் வரை 56 கிலோமீட்டர். ஓரத்தில் கிலோமீட்டர் பலகை இருக்கும், இடங்களை அந்த எண்ணை வைத்துத்தான் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது மூன்று இடம்.

முதலில் நேராக 43-ஆவது கிலோமீட்டரில் இருக்கும் விசிட்டர் சென்டருக்குப் போய்விடுங்கள். பின்பக்க மேடையிலிருந்து காடு முழுக்கத் தெரியும், அம்மா ஒரு படி ஏற வேண்டாம், டாய்லெட்டும் சுத்தமாக இருக்கும். அங்கே தெரிகிற கரும்பச்சை ஊசியிலை மரங்களுக்கு நடுவில் டமராக் என்று ஒரு மரம் உண்டு. ஊசியிலை மரமாக இருந்தும் அது அக்டோபர் நடுவில் பொன்னிறமாகி மொத்தமாக உதிர்ந்துவிடும். மேப்பிளைத் தவறவிட்டவர்களுக்கு அது ஒன்றே போதும் என்பேன்.

அப்புறம் திரும்பி மேற்கே வரும் வழியில், 19-ஆவது கிலோமீட்டர் அருகே பெக் லேக் டிரெயில். ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, பெரிய ஏற்றம் இல்லை. காற்று இல்லாத நாளில் எதிர்க்கரை மேப்பிளின் பிம்பம் முழுக்கத் தண்ணீரில் தெரியும். வேர்கள் தடுக்கும், அம்மாவுக்குப் பிடிமானமான ஷூ அவசியம். பட்டுச்சேலை, செருப்போடு படம் எடுக்க ஆசைப்பட்டால் விசிட்டர் சென்டரிலேயே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, எல்லா இன்ஸ்டாகிராம் படங்களிலும் வருகிற லுக்அவுட் டிரெயில், 40-ஆவது கிலோமீட்டரை ஒட்டி. சுற்று இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்து. மேலே பாறை விளிம்பில் வேலி கிடையாது. உங்கள் மனைவியும் நீங்களும் மாறி மாறிப் போய் வாருங்கள். குழந்தையோடு போவதென்றால் விளிம்பு வருவதற்கு முன்பே தூக்கிக்கொள்ளுங்கள், அங்கே அதை நடக்க விடாதீர்கள். கால் வலிக்கிறது, ஆனால் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் 14-ஆவது கிலோமீட்டர் அருகே ஹார்ட்வுட் லுக்அவுட், ஒரு கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதன் பக்கத்தில்தான் கனூ லேக். டாம் தாம்சன் என்ற ஓவியர் இந்தக் காடுகளை வரைந்தவர், 1917-ல் அந்த ஏரியில் இறந்துபோனார். அவர் வரைந்த நிறங்கள் மிகையில்லை என்று அங்கே நின்றால் தெரியும்.

சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டு போங்கள். சைவம் என்றால் வழியில் பொரித்த உருளைக்கிழங்கும் டிம் ஹார்டன்ஸ் கடைக் காபியும்தான். புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் அந்தக் குளிரில் மாலை வரை கெடாது. ப்ளாஸ்க்கில் வெந்நீர் அம்மாவுக்குக் கட்டாயம். காலையில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், மதியம் 15 டிகிரிகூட வரலாம். ஒரே கனமான கோட்டுக்குப் பதில் கழற்றிப் போடுகிற மாதிரி இரண்டு மூன்று உடுப்பு போடுங்கள். மிச்சச் சாப்பாட்டை அணிலுக்குப் போட வேண்டாம், மேசையில் விட்டுவிட்டு வரவும் வேண்டாம். கரடி இருக்கிற காடு.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. செவ்வாய்க்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம், நான் இன்னும் ஜி1 (இங்கே முதல் நிலை லைசென்ஸ்) தேர்வு எழுதவில்லை. இந்திய லைசென்ஸிலேயே ஓட்டலாம் அல்லவா?

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். ஒன்டாரியோவில் குடியேறியவர்கள் வெளிநாட்டு லைசென்ஸை வைத்து 60 நாள் வரை ஓட்டலாம். ஆகஸ்ட் முதல் வாரம் வந்திருந்தால் அது அக்டோபர் முதல் வாரத்தோடு முடிகிறது. செப்டம்பர் கடைசிச் செவ்வாய் உள்ளே வரும், தேங்க்ஸ்கிவிங் வராது. அதற்கப்புறம் வெறும் ஜி1 மட்டும் இருந்தால் தனியாக ஓட்ட முடியாது, பக்கத்தில் அனுபவமுள்ள ஆள் இருந்தாலும் 400 வரிசை ஹைவேயில் (400, 401 போன்ற எண் கொண்ட அதிவேகச் சாலைகளில்) ஏறக் கூடாது. நீங்கள் போக வேண்டிய வழியே ஹைவே 400 தான். வந்திறங்கிய தேதியைப் பாஸ்போர்ட்டில் பார்த்து நாள் எண்ணிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் நிறுவனத்துக்கு முன்பே போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். இந்திய லைசென்ஸ் போதுமா, ஐடிபியும் (சர்வதேச ஓட்டுநர் பர்மிட்) வேண்டுமா. டெபிட் கார்டு ஏற்பார்களா, கிரெடிட் கார்டில் எவ்வளவு பிடித்து வைப்பார்கள். மனைவியும் ஓட்டுவதாக இருந்தால் அவர் பெயரை ஒப்பந்தத்தில் சேர்க்க எவ்வளவு. பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். குழந்தைக்குக் கார் சீட் சட்டப்படி கட்டாயம். உங்களுடையதையே கொண்டு போங்கள், அவர்களிடம் வாடகைக்கு எடுத்தால் வீண் செலவு. 407 ஹைவேயில் ஏறினால் சுங்கம் விழும், வாடகைக் காரென்றால் அதற்கு மேல் ஒரு நிர்வாகக் கட்டணமும் போடுவார்கள். போன் மேப்பில் சுங்கத்தைத் தவிர்க்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

வழி: 400-ல் வடக்கே பாரி, அங்கிருந்து 11-ல் ஒரிலியா, கிரேவன்ஹர்ஸ்ட், ஹண்ட்ஸ்வில், அப்புறம் 60-ல் கிழக்கே. நெரிசல் இல்லாமல் மூன்று மணி நேரம். பெட்ரோலை ஹண்ட்ஸ்வில்லில் நிரப்பிக்கொள்ளுங்கள், பார்க் சாலையில் பங்க் கிடையாது. போன் சிக்னல் பாதி இடத்தில் போய்விடும், அதனால் மேப்பை முந்தின நாளே இறக்கி வையுங்கள். பர்மிட்டையும் அப்படியே.

ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு 35-ஆம் ஹைவே இன்னும் அழகு. லிண்ட்சே, மிண்டன், டோர்செட் வழியாக டுவைட் அருகே 60-ஐத் தொடும். டோர்செட்டில் நூறடி உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது, மேலிருந்து லேக் ஆஃப் பேஸ் ஏரி தெரியும். சீசனில் அதற்கும் முன்பதிவு வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இருட்டுவதற்கு முன்பே பார்க்கை விட்டு வெளியே வந்துவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் ஏழு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அது மூஸ் என்ற பெரிய மான் இணை தேடுகிற காலம், சாயங்காலமும் விடியற்காலையும் சாலையைக் கடக்கும். கால்கள் அவ்வளவு உயரம் என்பதால் இடித்தால் அதன் உடம்பு முழுக்கக் கார்க் கண்ணாடி வழியாக உள்ளே வரும். கருத்த நிறம், ஹெட்லைட்டில் கண்கூடப் பளிச்சிடாது. வேகப் பலகையில் 80 போட்டிருந்தால் இருட்டில் 80-ல் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. வழியில் மூஸைப் பார்க்க நாலு கார் நின்றிருந்தால், நடுச்சாலையில் நிறுத்தி இறங்கிவிடாதீர்கள்.

அப்புறம், இங்கே வந்த பிறகு நீங்கள் ஓட்டுகிற முதல் ஹைவே இதுவாக இருக்க வேண்டாம். ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி வலப்பக்கம். ஒரு ஞாயிறு விடியற்காலை காரை எடுத்து பாரி வரை போய்த் திரும்பி வாருங்கள். லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அதில் வந்துவிடும்.

கேள்வி: அக்கா, நான் செண்டெனியல் காலேஜில் படிக்கிறேன், லைசென்ஸ் இல்லை, கார் இல்லை. ரூம் தோழிகள் நாலு பேர். எங்களுக்கு ஏதாவது வழி?

பதில்: நிச்சயமாக உண்டு. டொரோண்டோவிலிருந்து பார்க்பஸ் என்ற அமைப்பு அல்கோன்குவினுக்குப் பஸ் விடுகிறது. இந்த வருட நாட்களையும் டிக்கெட் விலையையும் அவர்கள் தளத்தில் பாருங்கள், இலை சீசன் இடங்கள் சீக்கிரம் போய்விடும். ஊர் பேர் தெரியாத யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் காரில் இடம் தருகிறேன் என்றால் போகாதீர்கள்.

ஆனால் உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையே இல்லைம்மா. அக்டோபர் மூன்றாவது வாரம் ரூஜ் நேஷனல் அர்பன் பார்க் போங்கள். மிருகக்காட்சிசாலைக்குப் போகும் டிடிசி (டொரோண்டோ நகரப் போக்குவரத்து) பஸ்ஸில் போய் இறங்கினால் விஸ்டா டிரெயில் பக்கம்தான், நுழைவுக் கட்டணம் இல்லை. சின்ன நடைதான், நடுவில் ஒரு மரமேடை, அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். தெம்பு இருந்தால் மாஸ்ட் டிரெயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், ஈர இலை ரொம்ப வழுக்கும். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருந்தீர்கள் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு ரூமுக்கே வந்துவிடலாம். ஒருவர் போனிலாவது சார்ஜ் முழுதாக இருக்கட்டும்.