வலைவடிவமைப்புப் பயிற்சியில் எழுத்துரு மாற்றும் வேலை மட்டுமே தருகிறார்கள், தொடரலாமா?

கேள்வி: கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 30 நாள் வேலைப் பயிற்சி முடித்து அறிக்கை தர வேண்டும் என்பதால், புதுச்சேரியில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறிய வலைவடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். காலை எட்டேகாலுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து ஏறினால், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர முடிகிறது.

பன்னிரண்டு நாள்கள் ஆகிவிட்டன. இதுவரை எனக்குத் தரப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு தமிழ்ப் பதிப்பகத்தின் பழைய இணையதளத்தைப் புதுப்பிக்கிறார்கள். அதில் இருக்கும் சுமார் 200 நூல் அறிமுகங்களும் பாமினி என்னும் பழைய முறை எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒட்ட வேண்டும். இடையிடையே அட்டைப் படங்களின் அளவைக் குறைத்துத் தர வேண்டும். என் தோழி சென்னையில் ஃபிக்மா என்னும் வடிவமைப்பு மென்பொருளில் செயலித் திரைகளை வரைந்து பழகுகிறாள். நானோ டி.டி.பி. கடையில் உட்கார்ந்திருப்பதைப் போல உணர்கிறேன். மேலாளர் கடிந்து பேசாதவர், ஆனால் எப்போதும் அவசரத்தில் இருப்பவர். இதை விட்டுவிட்டு வேறு இடம் தேடலாமா? தொடர்ந்தால், அறிக்கையில் என்னதான் எழுதுவது?

பதில் 1: முத்தியால்பேட்டை

தங்கைக்கு வணக்கம். நானும் டி.டி.பி. கடையில் திருமணப் பத்திரிகை அடித்துவிட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆகவே அந்த ஒப்பீட்டை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் செய்துகொண்டிருப்பது வடிவமைப்புக்கு வெளியே இருக்கும் வேலை என்று நினைப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

பாமினியில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல்லுக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டிவிடுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். தேடுபொறிக்கும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அந்தப் பக்கத்தில் தமிழே கிடையாது. யூனிகோடில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டு அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. இருந்தும் பல பதிப்பகங்களின் கணினிகளில் இன்றும் பாமினிக் கோப்புகளே குவிந்து கிடக்கின்றன.

மாற்றும் கருவியில் போட்டு எடுத்தால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ‘கொ’ என்பதைப் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, அடுத்து க, பிறகு கால் என்று அடிப்பார்கள். யூனிகோடில் முதலில் க வரும், அதன்பின் ஒகரக் குறி ஒற்றைக் குறியாக வரும். பெரும்பாலான கருவிகள் இந்த இடமாற்றத்தைச் சரியாகவே செய்துவிடுகின்றன. அவை சறுக்கும் இடம் ஔகாரம். ‘கௌரி’ என்பதும், எகரக் கொம்பும் ளகரமும் சேர்ந்த ‘கெளரி’ என்பதும் திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. இதைத் திருத்தப் போகிறோம் என்று எகரக் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடங்களையெல்லாம் ஒரே சொடுக்கில் ஔகாரமாக மாற்றினால், ‘வெள்ளம்’, ‘தெளிவு’ எல்லாம் சிதைந்துபோகும். பதிப்பகத்தின் தளத்தில் ‘வெளியீடு’ என்ற சொல்லே ‘வௌியீடு’ ஆகி நிற்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்தாக வேண்டும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். நீங்கள் ஒட்டிய ஒரு பக்கத்தைக் கைப்பேசித் திரை அளவான 360 பிக்சல் அகலத்தில் திறந்து, பொத்தான்களைக் கவனியுங்கள். ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்து வரையப்பட்ட பொத்தானில் ‘கூடையில் சேர்க்கவும்’ என்று எழுதினால், எழுத்து இரண்டாம் வரிக்கு இறங்கி, உயரம் போதாமல் கீழ்ப்பாதி வெட்டுப்படும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் நிலையான உயரத்தை எடுத்துவிட்டு, எழுத்தைச் சுற்றி உள்விளிம்பு கொடுத்தால் இது தீரும். வரி இடைவெளியும் தமிழுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும், நான் எழுத்தளவைப்போல் 1.7 மடங்குக்குக் கீழே வைப்பதில்லை. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தடித்த வடிவம் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் உலாவி தானாகவே தடிக்கவைக்கும், சிறிய அளவில் எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஃபிக்மாவைப் பிறகு இரண்டு வாரங்களில் கற்றுக்கொள்ளலாம்.

பதில் 2: நெய்வேலிக்காரன்

அண்ணன் சொல்வது அத்தனையும் சரி. ஆயினும் 200 பக்கங்களைப் படித்துத் திருத்துவது ஒருவரின் ஒரு மாத உழைப்பு என்பதையும், அது ஊதியமில்லாமல் நடக்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? சென்ற ஆண்டு நான் போன இடத்தில் சான்றிதழுக்கு என்னிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு, நாள் முழுவதும் வெறுமனே உட்கார வைத்தார்கள். அதைவிட உங்கள் இடம் எவ்வளவோ மேல். விட்டுவிட்டு வர வேண்டாம். ஆனால் மேலாளரிடம், “பாதி முடித்துவிட்டேன், ஏதேனும் ஒரு பக்கத்தை முழுமையாக நான் வடிவமைக்கலாமா?” என்று நேரடியாகக் கேளுங்கள். அவசரத்தில் இருப்பவர் தாமாக நினைவு வைத்துக்கொண்டு தர மாட்டார். பேருந்துக் கட்டணத்தையும் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

பதில் 3: கரும்பலகை

அறிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆண்டுதோறும் இவற்றைத் திருத்துகிறவன். ‘எச்.டி.எம்.எல். கற்றேன், சி.எஸ்.எஸ். கற்றேன்’ என்று வரும் அறிக்கைகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடே இருப்பதில்லை. ஒரே ஒரு நூல் பக்கத்தை எடுத்துக்கொண்டு, பாமினியில் இருந்தபோது எப்படி இருந்தது, மாற்றிய பின் என்னென்ன பிழைகள் வந்தன, அவற்றை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று திரைப்பிடிப்புகளுடன் (ஸ்கிரீன்ஷாட்) எழுதுங்கள். படங்களைச் சேர்ப்பதற்கு முன் நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கம் எதிலும் தெரியக் கூடாது. நாட்குறிப்பை அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். கடைசி இரவில் 30 நாள்களையும் ஒரே பேனாவில் நிரப்பியிருப்பது எங்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மறுமொழி: கெடிலக்கரை

மூவருக்கும் நன்றி. முத்தியால்பேட்டை அண்ணன் சொன்ன ‘வௌியீடு’ எங்கள் தளத்திலும் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒரே சொடுக்கில் மாற்றியிருக்கிறார்கள். தேடியபோது 43 இடங்களில் அகப்பட்டது. அதைப் பட்டியலிட்டு மேலாளரிடம் காட்டியபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்தார். இத்தனை நாள்களில் அதுதான் முதல் முறை. அந்தத் துணிச்சலில் ஒரு பக்கம் கேட்டேன். தனி நூலுக்கான பக்கத்தின் கைப்பேசி வடிவத்தை என்னிடம் தந்திருக்கிறார். பொத்தானின் உயரத்தை எடுத்துவிட்டேன். ‘கூடையில் சேர்க்கவும்’ இப்போது இரண்டு வரியில் வந்தாலும் வெட்டுப்படவில்லை. அட்டைப் படத்துக்குக் கீழே நூலாசிரியர் பெயர் வர வேண்டுமா, விலை வர வேண்டுமா என்பதில்தான் அவருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. புதன்கிழமை பதிப்பகத்தார் வந்து தங்கள் கைப்பேசியிலேயே பார்க்கப் போகிறார்கள்.

பேருந்துக் கட்டணத்தைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.