மறு: கிளையண்டுக்கு எந்தச் சொல்? வாங்கி, கேட்பி, கோரி

[அல்சூரிலிருந்து]
நண்பர்களே, பெங்களூரில் பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கான ஆய்வகக் கையேட்டில் சர்வருக்கு (காத்திருந்து சேவை தரும் நிரல்) 'வழங்கி' என்று முடிவாயிற்று. அந்தச் சேவையை நாடி வரும் நிரலான கிளையண்டுக்குத்தான் இழுபறி. 'வாங்கி' ஓசைக்கு இசைகிறது. ஆனால் கோப்பை மேலேற்றும் நிரல் வாங்கவில்லை, கொடுக்கிறது, அதுவும் கிளையண்ட்தானே? 'கேட்பி' என்று வைக்கலாமா? சர்வருக்குச் 'சேவையகம்' என்ற சொல் ஏன் விடுபட்டது என்றும் சிலர் கேட்கிறார்கள்.

[ஜெயநகரிலிருந்து]
ஐயா, 'சேவையகம்' என்றதும் குளிரூட்டிய அறையில் நிற்கும் பெட்டிதான் மாணவர் கண்முன் வரும். சர்வர் ஒரு நிரல் ஏற்கும் வேடம். எக்ஸ் விண்டோ என்னும் திரைச்சாளர அமைப்பில் திரையையும் விசைப்பலகையையும் ஆள்கிற சர்வர் நம் மேசையிலேயே ஓடுகிறது. தொலைவில் ஓடும் நிரல்தான் கிளையண்ட். வலைச் சர்வரே தரவுத்தளத்திடம் போனால் அங்கே அது கிளையண்ட்.

'கேட்பி' ஆபத்து. வினவுவதும் கேட்பதே, செவிகொடுப்பதும் கேட்பதே. (கன்னடக் 'கேளு'வும் அப்படித்தான், ஊர் மாறியும் தப்பவில்லை!) வினவுவது கிளையண்ட், 'லிசன்' செய்வதோ (இணைப்பு வருமென்று காத்திருப்பதோ) சர்வர். '8080-ஆம் போர்ட்டில் (கணினியில் ஒரு நிரலை அடைவதற்கான எண்) கேட்கிறது' என்றால் எது?

யார் முதலில் இணைப்பைத் தொடுக்கிறார் என்பதே வேறுபாடு. நிரலில் அழைக்கும் கட்டளைகளைப் பாருங்கள்: சர்வர் பக்கம் சாக்கெட் (இணைப்பு முனையை உருவாக்குவது), பைண்ட் (அதற்கு முகவரியும் போர்ட்டும் இடுவது), லிசன், அக்செப்ட் (வந்த இணைப்பை ஏற்பது). கிளையண்ட் பக்கம் சாக்கெட், கனெக்ட் (இணைப்பைத் தொடுப்பது), அவ்வளவுதான். முதலில் வந்து கோருவதால் 'கோரி'.

[அல்சூரிலிருந்து]
'கோரி' வினையெச்சம் அல்லவா? 'அனுமதி கோரி மனு' மாதிரி?

[ஜெயநகரிலிருந்து]
'வழங்கி', 'உலாவி' மட்டும் என்னவாம்? கோரியை, கோரியின் என்று வேற்றுமை ஏறினால் குழப்பம் தீர்ந்துவிடும்.

[இந்திரா நகரிலிருந்து]
'கோரி'க்கு என் ஒப்புதல். 'லிசன்' என்பதற்குச் 'செவிமடு' மட்டும் வேண்டாம். தரவு அந்தச் சாக்கெட்டில் வந்து விழும் என்று எண்ணி, மாணவர்கள் அதிலேயே ரீட் (தரவைப் படிக்கும் கட்டளை) அழைத்துப் பிழை வாங்குகிறார்கள். லிசன் என்பது இணைப்பு வந்தால் வரிசையில் வைக்கும்படி கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்வது. அக்செப்ட்டை அழைக்காமல் வழங்கியை முப்பது விநாடி தூங்கவிட்டுப் பாருங்கள்; வரிசையில் இடம் இருக்கும்வரை கோரியின் கனெக்ட் வெற்றி பெறும். தரவு பேசுவது அக்செப்ட் திருப்பித் தரும் புதிய சாக்கெட்டில். ஆகவே 'எதிர்நோக்கு'. பழையது எதிர்நோக்குச் சாக்கெட், புதியது உரையாடல் சாக்கெட்.

கையேட்டுக்கு என் வரிகள்:

"வழங்கி எதிர்நோக்காத போர்ட்டில் கோரி தொடுத்தால் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' (இணைப்பு மறுக்கப்பட்டது) உடனே வரும். வழங்கி முதலில் இணைப்பை மூடியிருந்தால், அதை நிறுத்தி மீண்டும் ஓட்டுகையில் பைண்ட் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' (முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்) எனத் தடுக்கலாம். மூடிய இணைப்பை லினக்ஸ் 60 விநாடி டைம்-வெயிட் எனும் காத்திருப்பு நிலையில் வைத்திருப்பதே காரணம். அதே முகவரியை மீண்டும் பயன்படுத்தவிடும் ரீயூஸ்-அட்ரஸ் விருப்பத்தைப் பைண்டுக்கு முன்பே இடுக. பின்னால் இட்டுப் பயனில்லை."

போர்ட் 'துறை'யா 'வாயிலா' என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே கலக்க வேண்டாம்.