கரண்ட் லைனுக்குக் கீழ இருக்கற மரத்தை ஒரு பக்கம் மட்டும் வெட்டலாமா?

மாதவரம்_மணி: மேல ஒருத்தர் "மரத்தால தான் கரண்ட் போகுது, காம்பவுண்டு ஓரத்துல இருக்கற எல்லாத்தையும் எடுத்துடணும்"னு எழுதிக்கிறாரு, படிச்சதும் பத்திக்கினு வந்துச்சு. கிளை ஒரசினா கிளையைக் கழி. ஆனா ரோட்டுப் பக்கம் மொட்டை அடிச்சிட்டு வீட்டுப் பக்கம் அப்படியே வுட்டா வெயிட்டு மொத்தமும் ஒரே பக்கம் ஏறி, காம்பவுண்டு மேல தான் சாயும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல பார்த்தோமே, ஒரு பக்கம் வெட்டின மரம் தான் முதல்ல போச்சு.

கொளத்தூர்_வாசி: வர்தால விழுந்தது வேர் இல்லாமங்க. அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டு, வடிகால் தோண்டறப்ப வேரையும் வெட்டினா நிக்குமா? அவ்ளோ பெருசா வளர்ற தூங்குமூஞ்சி மரத்த லைனுக்குக் கீழ நட்டது யார் தப்பு?

மாதவரம்_மணி: வேரைப் பத்தி நான் பேசவே இல்ல. ஒரு பக்கம் வெட்டினா சாயும். அதுக்கு பதில் சொல்லுங்க.

கொளத்தூர்_வாசி: பதில் சொல்லிட்டேன், படிக்கறது உங்க வேலை. போன மாசம் பார்க்கிங் விஷயத்துலயும் இதே தான் பண்ணீங்க.

ராயபுரம்_அக்கா: தம்பிங்களா, பக்கத்து வீட்டு வேப்பங்கிளை எங்க மாடிக்கு வந்து லைனையும் தொடுது. நாங்களே வெட்டலாமா?

மாதவரம்_மணி: அக்கா, உங்க எல்லைக்குள்ள வந்த கிளையை எல்லை வரைக்கும் கழிக்கலாம், அடிமரத்துல கை வெக்கக் கூடாது. ஆனா லைனைத் தொடுதுன்னா நீங்க கிட்டயே போகாதீங்க, பச்சைக் கிளைல கரண்ட் பாயும். மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987ல சொல்லுங்க, லைனை ஆஃப் பண்ணிட்டு வெட்டச் சொல்லுங்க. முக்கியமா, ஒரு பக்கம் மட்டும் வெட்ட வுடாதீங்க!

கொளத்தூர்_வாசி: ஆரம்பிச்சிட்டாரு. அக்கா கேட்டது வேற.

பெரம்பூர்_பாபு: ரோட்டோரம் பூவரசு மாதிரி சின்னதா வளர்றதை வெச்சா இந்த சண்டையே இல்ல.

மாதவரம்_மணி: பூவரசையும் ஒரு பக்கம் வெட்டினா சாயும் பாபு. நடுவுல மொட்டையா வெட்டினா இன்னும் மோசம், அங்க கொத்தா வர்ற துளிருக்குப் பிடிப்பே இருக்காது, அடுத்த புயல்ல அதுவே லைன் மேல வுழும். கிளை பிரியற கணுகிட்ட வெட்டணும், மழைக்கு முன்னாடி வெட்டணும், ரெண்டு பக்கமும் சமமா வெட்டணும்.

கொளத்தூர்_வாசி: லைன் இருக்கறது ஒரு பக்கம், வெட்டறது ரெண்டு பக்கமா? நிழல் மொத்தமும் போயிடும். இவரா மரத்தைக் காப்பாத்தறவரு?

மாதவரம்_மணி: சமமான்னு சொன்னா மொட்டைன்னு அர்த்தமா? நீங்க ஏரியால ஒரு மரமாவது நட்டிருக்கீங்களா, அதை முதல்ல சொல்லுங்க.

கொளத்தூர்_வாசி: நட்டது உங்க தெருவுலயே நிக்குது, போய்ப் பாருங்க. வேருக்கு இன்னும் பதில் வரல.

மாதவரம்_மணி: ஒரு பக்கத்துக்கு நீங்க சொல்லுங்க, அப்புறம் வேருக்கு வரேன்.