‘பெரிய வீடு’ குழு: கார்த்திக்கின் ஐலண்ட் பீக்

கார்த்திக்: அம்மா இங்கேயும் போடச் சொன்னதால் போடுகிறேன். நேபாளத்தில் ஐலண்ட் பீக் என்கிற சிகரம் ஏறப் போகிறேன், 6,189 மீட்டர். ட்ரெக்கிங் பீக்தான், பயப்பட ஒன்றுமில்லை. வியாழனுக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டும்.

பெரியப்பா: பழனியில் வின்ச்தான் வேண்டும் என்று அழுதவனா?

கார்த்திக்: அப்போது நான் ரெண்டாங்கிளாஸ் பெரியப்பா

அம்மா: செந்தில், நீ சொல்லப்பா. நான் சொன்னால் கேட்க மாட்டான்.

ராணி அத்தை: ஐப்பசியில் திவ்யாவுக்கு வளைகாப்பு. ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது?

செந்தில் அண்ணன்: கார்த்திக், ட்ரெக்கிங் பீக் என்பது நேபாள மலையேற்றச் சங்கம் அனுமதி தருகிற சிகரங்களின் பட்டியல். அதில் இருப்பதாலேயே சுலபம் என்று ஆகிவிடாது. ஐலண்டில் அடிவார முகாம் வரைக்கும்தான் நடை. அங்கிருந்து இருட்டோடு கிளம்பிப் பாறையில் ஏற வேண்டும், அப்புறம் வெடிப்புகள் உள்ள பனியாறு. சில பருவங்களில் அதை ஏணி போட்டுத் தாண்டுகிறார்கள். கடைசியில் நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தான பனிச்சுவர், கயிற்றில் ஜுமார் என்கிற பிடியை மாட்டி ஏற வேண்டும்.

அம்மா: ஏணியா??

செந்தில் அண்ணன்: இறக்கம்தான் எனக்குக் கவலை சித்தி. தடிமனான கையுறை, களைத்துப்போன விரல். ஒரு கயிறு முடிகிற இடத்தில் அடுத்த கயிற்றில் ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் பழைய கயிற்றில் இருப்பதைக் கழற்ற வேண்டும். ஒருமுறை மாறிப்போனால் பிடிக்க ஒன்றும் இருக்காது. உத்தரகாசி மலையேற்றப் பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழக்கினார்கள். இவன் ஜுமாரைத் தொட்டதே இல்லை.

கார்த்திக்: அங்கே வந்து கற்றுக்கொள்ளலாம், ஆரம்பநிலை ஆட்களும் வரலாம் என்று கூட்டிப்போகிற கம்பெனியில் சொன்னார்கள்

திவ்யா: மேரா பீக் இதைவிட உயரமாமே, அங்கே எல்லோரும் போகிறார்களே

செந்தில் அண்ணன்: உயரத்தை மட்டும் வைத்துக் கஷ்டத்தைச் சொல்ல முடியாது திவ்யா. மேரா 6,476. பெரும்பாலும் சாய்வான பனியாற்றில் நீண்ட நடை, கயிற்று வேலை குறைவு. ஆனால் விமானம் இறங்குகிற லுக்லாவிலிருந்து நேரே ஜத்ர்வா லா கணவாய் வழியாகக் கூட்டிப்போனால், உடம்பு பழகுவதற்குள் 4,600 வந்துவிடும். கார்த்திக், உன் ப்ளானைப் போடு.

கார்த்திக்: லுக்லா, பாக்டிங், நாம்சே (ஒரு நாள் ஓய்வு), தெங்போச்சே, திங்போச்சே, சுக்குங், அடிவார முகாம், மறுநாள் சிகரம்

பெரியப்பா: ராணி, மாமன் சீர் யார் எடுப்பது என்று இப்போதே பேசிவிடுவோம். கல்யாணத்தில் நடந்த மாதிரி ஆகக் கூடாது.

ராணி அத்தை: அண்ணா அதை இங்கே வேண்டாம்

அம்மா: மாலை எங்களுக்கு முன்னால் போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும்

செந்தில் அண்ணன்: இந்த ப்ளான் எனக்குப் பிடிக்கவில்லை. 3,000 மீட்டர் தாண்டினால், தூங்கும் உயரம் ஒரு இரவுக்கு 500-க்கு மேல் கூடக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு ஓய்வு வேண்டும். தெங்போச்சேயிலிருந்து திங்போச்சே போனாலே 550 ஆகிறது, அங்கே ஓய்வும் இல்லை. சுக்குங்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, பக்கத்தில் இருக்கும் சுக்குங் ரீ மலை வரை ஏறி இறங்கினால்தான் உடம்பு பழகும். 5,500-க்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான். உபரி நாளும் வைக்கவில்லை. காற்று அடித்தாலும் அன்றைக்கே ஏறு என்பார்கள்.

திவ்யா: உயரம் ஒத்துக்கொள்ள டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளலாமே

அம்மா: ஐயோ, சின்ன வயதில் ஒரு காய்ச்சல் மாத்திரையில் இவனுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போச்சு. சல்ஃபா வகை மருந்து ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

செந்தில் அண்ணன்: நல்லவேளை சொன்னீர்கள் சித்தி. டயமாக்ஸும் அந்த வகைதான். டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டாமல் வாங்காதே கார்த்திக். மாத்திரை இருந்தாலும் தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே போகாதே. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரியானாலும் இறங்கு. மேகம் மூடினால் ஹெலிகாப்டர் வராது. இன்சூரன்ஸில் 6,000-க்கு மேல் கயிற்று ஏற்றமும் சேர்ந்திருக்கிறதா பார்.

கார்த்திக்: கேட்டேன் அண்ணா. கூடுதல் நாளுக்குக் கூடுதல் பணமாம்

பெரியப்பா: பணம் நான் தருகிறேன். நாளைக் குறைக்காதே.

அம்மா: மாமா, அவனைப் போகச் சொல்கிறீர்களா?

பெரியப்பா: போனால் ஒழுங்காகப் போகட்டும் என்கிறேன் விஜயா

செந்தில் அண்ணன்: இன்னொன்றும் கேள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவார்கள்? ஒரு ஷெர்பா வழிகாட்டிக்கு எத்தனை பேர்? எழுதித் தரச் சொல். மழுப்பினால் இந்த வருடம் வேண்டாம், உத்தரகாசியில் பயிற்சி எடு, அடுத்த வருடம் நானும் வருகிறேன்.

கார்த்திக்: சரி, கேட்கிறேன். ஆனால் நாள் சேர்த்தால் வளைகாப்புக்குள் திரும்ப முடியாது அத்தை

ராணி அத்தை: தேதியை மாற்ற முடியாது, ஜோசியர் பார்த்தாகிவிட்டது

திவ்யா: இரண்டாவது தேதியும் கொடுத்தாரே அம்மா

ராணி அத்தை: அது செவ்வாய்க்கிழமை

அம்மா: ராணி அண்ணி, இவன் அப்பா வந்ததும் கூப்பிடுகிறேன். அதுவரை அட்வான்ஸ் கட்டாதே கார்த்திக்.

கார்த்திக்: 👍

பெரியப்பா: அந்தச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு விஜயா