பழைய புல்லட் 350க்கு ரோலர் ராக்கர் ஆர்ம் போட்டா போடுற காசுக்கு வொர்த்தா?

தண்டையார்பேட்டை புல்லட்:
வணக்கம் மக்களே, ஒரு சந்தேகம். வண்டி 1997 புல்லட் ஸ்டாண்டர்ட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், உள்ள எதையும் மாத்தல. டெய்லி எண்ணூர் வரைக்கும் வேலைக்கு போய் வர வண்டி இது. கொஞ்ச நாளா ஹெட்டுல இருந்து டக்கு டக்குனு சத்தம் வருது, காலைல கம்மியா தான் இருக்கு, எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டி வண்டி நல்லா சூடாயிடுச்சுனா சத்தம் ஏறிடுது, டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணா போவுது திரும்ப வந்துடுது. மெக்கானிக் இன்னா சொல்றாருனா ராக்கர் (வால்வ அமுக்கி தெறக்குற கை) தேஞ்சிடுச்சு, மூக்குல குட்டி உருளை வெச்ச ரோலர் டிப் செட்டு வரவழைச்சு போட்டுடலாம், சத்தமும் போயிடும் பிக்கப்பும் ஏறும், கூலியோட 16,000 ஆவும்ன்றாரு. சாதா ராக்கரே போட்டா அதுல கால்வாசி கூட ஆவாதாம். இந்த வண்டிய விக்கிற ஐடியாவே இல்ல, இன்னும் ரொம்ப வருஷம் ஓட்டணும், அதனால செலவு பண்ண ரெடி தான், ஆனா பிரயோஜனமான செலவா இருக்கணும். யாராவது போட்டிருக்கீங்களா?

வியாசர்பாடி லேத்து:
தம்பி, மொதல்ல ஒண்ணு கேக்குறேன், ராக்கர் கவர கழட்டி பாத்து தான் தேஞ்சிடுச்சுனு சொன்னாரா இல்ல காதால கேட்டு சொன்னாரா? புல்லட்டுல ராக்கர் தனியா தேயறது கம்மி, அது ஆடுற பிளாக் தான் மொதல்ல போவும். ஒவ்வொரு கவருக்கும் நடுவுல ஒரே ஒரு நட்டு தான, இன்ஜின் ஆறினப்புறம் கழட்டு, ரெண்டு வால்வும் மூடியிருக்கற மாதிரி பிஸ்டன மேல கொண்டாந்து நிறுத்து, ராக்கர கையால புடிச்சு மேலயும் கீழயும் தூக்கி பாரு. பிளாக்குக்குள்ள ப்ளே (லூஸா ஆட்டம்) தெரிஞ்சா ஆள் அவன் தான். அப்புறம் வால்வு தலைய அமுக்குற மூக்கு, அதுல பள்ளமோ பொரிப்பொரியாவோ இருந்தா ராக்கரும் போச்சு. அத கிரைண்டிங்ல தேச்சு சரி பண்ணித் தரேன்னு எவனாச்சும் சொன்னா குடுக்காத, மேல இருக்கற ஹார்டு லேயர் போயிட்டா அப்புறம் வெண்ண மாதிரி தேயும்.

ராயபுரம் ரைடர்:
பிக்கப் ஏறும்ன்றது தான் எனக்கு ஒத்துக்க முடியல ப்ரோ. இந்த ரோலர் ராக்கர் பழக்கமே அமெரிக்காக்காரன் வி8 இன்ஜின்ல இருந்து வந்தது, ஷெவர்லே ஸ்மால் பிளாக்ல கம்பெனி ராக்கரோட ரேஷியோ 1.5, அத கழட்டி 1.6 போடுவாங்க. கேம் (சுத்தி சுத்தி ராக்கர தள்ளுற மேடு) 0.300 இன்ச் தூக்குச்சுனா 1.5ல வால்வு 0.450 தெறக்கும், 1.6ல 0.480, அந்த எக்ஸ்ட்ரா லிஃப்ட்ல தான் பவரு வருது, சும்மா ரோலர் இருக்கறதால இல்ல. அங்க கம்பெனி ராக்கர் தகடுல அடிச்சது, ஒரு உருண்டை மேல உக்காந்து ஆடும், அதுல உராய்வு ஜாஸ்தி, அவன் மாத்துறதுல அர்த்தம் இருக்கு. நம்ம புல்லட் ராக்கர் ஏற்கனவே பிளாக்குக்குள்ள ஆயில்ல தான் சுத்துது. இருக்கறதே 18 ஹெச்பி, நீங்க ஓட்டுறது எண்ணூர் ரோட்டுல 40, 50ல, அந்த ஆர்பிஎம்ல ரோலர் மிச்சம் பண்றது உங்க கைக்கு தெரியவே தெரியாது. ரேஷியோ ஏத்துன செட்டா இருந்தா இன்னும் யோசிக்கணும், வால்வு ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதா, வால்வு பிஸ்டன தொடுதானு பாத்து தான் மாட்டணும்.

திருவொத்தியூர் தேரடி:
மேல சொன்னது கரெக்டு தான், ஆனா ரோலர் வேஸ்ட்டுனு சொல்லிடாதீங்க ணா. சாதா மூக்கு வால்வு தலை மேல தேச்சுக்கிட்டே போவும், வால்வ பக்கவாட்டுல தள்ளும், அந்த தள்ளு தான் வால்வு ஏறி இறங்குற குழாய், அதான் கைடு, தேயறதுக்கு ஒரு காரணம். ரோலர் உருண்டு போறதால அது கொறையும். ஹை லிஃப்ட் கேம், கெட்டி ஸ்பிரிங் போட்டு ஓட்டுறவங்களுக்கு கட்டாயம் பிரயோஜனம். எதையும் மாத்தாத ஸ்டாக் வண்டிக்கு அவ்ளோ காசு போட்டு கைட காப்பாத்தறதுக்கு பதிலா, தேஞ்சப்புறம் கைடயே மாத்திக்கலாம். இன்னொண்ணு, அந்த குட்டி ரோலரோட பின்னு தரமில்லாம இருந்து ஒடஞ்சுதுனா துண்டு நேரா கீழ இறங்கும். 1955ல என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சு நம்ம ஊர்லயே போட்ட இன்ஜின் இது, சாதா ராக்கரும் பிளாக்கும் புதுப்பேட்டைல இன்னிக்கும் கெடைக்குது, ரோலர் செட்டுல ஒரு பின்னு போனா எங்க போயி தேடுவீங்க?

கொருக்குப்பேட்டை 346:
சூடானா தான் சத்தம் ஏறுதுன்றீங்க இல்ல, அப்ப ஆயில பாருங்க. ஹெட்டுக்கு வெளில ஒரு மெல்லிசு பைப்பு போவுமே, அத மாட்டுற பேஞ்சோ போல்ட்டு (உள்ள ஆயில் போற ஓட்டை இருக்கற போல்ட்டு) ஓட்டைல கசடு அடைச்சா ராக்கருக்கு ஆயில் பத்தாது, நின்ன எடத்துல ஐட்லிங்ல சூடானா ஆயிலும் தண்ணியா ஆயிடும், அப்ப தான் தட்ட ஆரம்பிக்கும். இத பாக்காம எந்த ராக்கர் போட்டாலும் புதுசும் அதே கதி தான். அப்புறம் டீகம்ப்ரஸர் (கிக் அடிக்க சுலபமாவறதுக்கு எக்ஸாஸ்ட் வால்வ லேசா தெறக்குற லீவர்) கேபிள்ல கொஞ்சம் ஸ்லாக் இருக்கா பாருங்க, டைட்டா இருந்தா அது எக்ஸாஸ்ட் டேப்பெட்ட லேசா தூக்கியே வெச்சிருக்கும், எத்தன வாட்டி அட்ஜஸ்ட் பண்ணாலும் நிக்காது.

தண்டையார்பேட்டை புல்லட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கெழம கழட்டிட்டோம். ரெண்டு ராக்கர் மூக்கும் வழவழனு இருக்கு, பள்ளம் எதுவும் இல்ல. இன்லெட் டைட்டா தான் இருக்கு, எக்ஸாஸ்ட் பிளாக்ல மட்டும் ப்ளே நல்லா தெரியுது. எக்ஸாஸ்ட் பக்க பேஞ்சோ போல்ட்டு ஓட்டை பாதிக்கு மேல கருப்பா அடைச்சு கெடந்துது. கேபிள்ல ஸ்லாக் இருக்கு. ரோலர் வேணாம்னு மெக்கானிக் கிட்ட சொல்லிட்டேன், எக்ஸாஸ்டுக்கு மட்டும் புது பிளாக் வாங்க போறேன், மாட்டும்போது எத கவனிக்கணும்?

வியாசர்பாடி லேத்து:
பிளாக் ரெண்டு பாதியா வரும், அது ஜோடி, ஒண்ணோட மேல் பாதிய இன்னொண்ணோட கீழ் பாதில போட்டுடாத. ஆயில் ஓட்டை ஹெட்டு ஓட்டைக்கு நேரா உக்காரணும். ஆயில் தடவி மாட்டு, நாலு போல்ட்டையும் குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கு, ஒவ்வொரு தபாவும் ராக்கர் விரலால ஆடுதா பாரு, முழுசா முறுக்கினப்புறம் புடிச்சுக்கிச்சுனா அப்படியே ஸ்டார்ட் பண்ணிடாத, கழட்டி எங்க இடிக்குதுனு பாரு. பைப்ப ரெண்டு பக்கமும் மண்ணெண்ணெய்ல கழுவி காத்து அடிச்சுடு, போல்ட்டுக்கு புது காப்பர் வாஷர் போடு. டேப்பெட்ட இன்ஜின் ஆறினப்புறம் தான் வெக்கணும், புஷ் ராடு (கீழ இருந்து ராக்கர தள்ளுற கம்பி) விரலால சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது. ஆயிலும் 20டபிள்யூ50 புதுசா மாத்திடு. ஸ்டார்ட் பண்ணி எக்ஸாஸ்ட் கவர தெறந்தே வெச்சு ஆயில் மேல வருதானு கண்ணால பாத்துட்டு அப்புறம் மூடு.

தண்டையார்பேட்டை புல்லட்:
சரிங்கண்ணா, அப்படியே பண்றேன். மிச்சமாவற காசுல பின்னாடி டயர மாத்திடுறேன், அது மொட்டையா தான் இருக்கு.