சென்னை – டொராண்டோ உண்மையில் எத்தனை மணி நேரம்? அவசரம்

தாம்பரம்வாசி:
அம்மா முதல்முறையா தனியா டொராண்டோ போறாங்க. டிக்கெட்ல கிளம்புறது காலை 5.30, சேர்றது அதே நாள் மாலை 5.00. பதினொன்றரை மணி நேரம்தானா? தூரம் 13,400 கி.மீ.னு போட்டிருக்கே, இடிக்குது. சர்க்கரை மாத்திரை எத்தனை வேளைக்குக் கைப்பையில வைக்கணும்னு தெரியணும். சீக்கிரம் சொல்லுங்க.

வானம்பாடி:
எங்க விமானம் மாறுறாங்க? எந்த மாசம்?

கணக்குப்புலி:
13,400ஐ 900ஆல வகுங்க. 15 மணி நேரம். ஏற இறங்க அரை மணி சேருங்க. முடிஞ்சது.

ஸ்கார்பரோ ராணி:
அது உலக உருண்டை மேல நூல் பிடிச்சு அளந்த தூரம். சென்னையிலிருந்து இங்க டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது. எந்த ஊர் வழியா தம்பி?

மேலவானம்:
டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். இது பள்ளிக்கூடப் பாடம். இதையாவது தெரிந்துகொண்டு இழை தொடங்கலாமே.

ஸ்கார்பரோ ராணி:
அம்மாவுக்காகப் பதறிக் கேட்கிற பிள்ளைகிட்ட இப்படிப் பேசாதீங்க.

தாம்பரம்வாசி:
லண்டன். ஜனவரி.

ஸ்கார்பரோ ராணி:
அப்போ சரி. ஜனவரியில டொராண்டோ இந்தியாவைவிட பத்தரை மணி நேரம் பின்னாடி (கோடையில ஒன்பதரை). அதைச் சேர்த்தா 22 மணி நேரம். லண்டனுக்கு ஏறக்குறைய 11, அங்கிருந்து இங்க 8, மிச்சம் காத்திருப்பு. அம்மாவுக்கு அன்னைக்கு ஒரு நாள்ங்கிறது முப்பத்தி நாலரை மணி நேரம். ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ராத்திரி மாத்திரை போட்டா இடைவெளி ரொம்ப நீண்டுடும். எப்போ போடணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. மாத்திரை, மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில்தான். பெட்டி வராமப் போனா என்ன செய்வாங்க?

கணக்குப்புலி:
திரும்பி வரும்போது நேரம் குறையும். பூமி கிழக்கா சுத்துதில்ல.

வானம்பாடி:
காத்தும் பூமியோட சேர்ந்தேதான் சுத்துது. நீங்க சொல்ற மாதிரி கீழே பூமி நகர்ந்து போனா, மேற்கே போறதுதான் சீக்கிரம் ஆகணும். உண்மைக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம். பத்து கி.மீ. உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா வீசுற காத்து, குளிர்காலத்துல மணிக்கு 200 கி.மீ.யும் தாண்டும். டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா 2016ல காத்தோட சேர்ந்து கிழக்கா, பசிபிக் வழியா திருப்பினாங்க. தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல கூடுச்சு, நேரம் குறைஞ்சுது.

மேலவானம்:
பூமி சுழலாவிட்டால் ஜெட் ஸ்ட்ரீம் அப்படி வீசாது. அவர் சொன்னதில் பாதி சரி.

வானம்பாடி:
காத்து ஏன் அப்படி வீசுதுங்கிறது வேற கேள்வி. விமானத்தைத் தள்ளுறது காத்துதான்.

கணக்குப்புலி:
எப்படியோ, நேரம் குறையும்னு நான் சொன்னது சரிதானே?

தாம்பரம்வாசி:
டிக்கெட்ல பொடி எழுத்துல 22 மணி நேரம்னு இருக்கு. டாக்டர் நேரம் எழுதிக் குடுத்துட்டார். நன்றி அக்கா.

ஸ்கார்பரோ ராணி:
லண்டன்ல நடை அதிகம். சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு பண்ணிட்டீங்களா தம்பி?