ஜெனரேற்றர் இரண்டு, வால்வு ஒன்று: கொழும்பு பிளான்ற் ரூம் அனுபவங்கள் (பெரிய கட்டடங்களின் இயந்திர அறைகளைப் பராமரிக்கும் மூன்று பேர் பேசுகிறார்கள்)

வெள்ளவத்தை, மின் பராமரிப்பு

கரண்ட் போய் ஜெனரேற்றர் ஸ்ரார்ட் ஆகவில்லை என்றால், எஞ்சினைத் திறக்க முதல் பற்றரியைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். லெட் அசிட் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும். காற்றோட்டம் சரியில்லாத கொழும்பு ஜெனரேற்றர் அறையில் 40 பாகை சாதாரணம். சும்மா நிற்கும்போது மீற்றரில் நல்ல வோல்ற் காட்டுவது ஒன்றுக்கும் உதவாது. கிராங்க் பண்ணும்போது (பற்றரி எஞ்சினைச் சுற்றும்போது) 24 வோல்ற் தொகுதி, அதாவது இரண்டு 12 வோல்ற் பற்றரி, 19க்குக் கீழே விழுந்தால் அந்த சோடியை உடனே மாற்றவேணும்.

மாதச் சோதனையில் லோட் (மின்சுமை) இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டுவது எஞ்சினுக்கே கெடுதல். எரியாத டீசல் எக்ஸ்ஹோஸ்ற் வழியாகக் கறுப்பு எண்ணெயாக ஒழுகும். குறைந்தது 30 வீத லோட்டில் 30 நிமிடம் ஓடவேணும். கட்டட லோட் போதாவிட்டால் லோட் பாங்க் (செயற்கையாக லோட் கொடுக்கும் கருவி) வாடகைக்கு எடுக்கலாம்.

கொட்டாஞ்சேனை, எரிபொருள்

அண்ணா சொன்னது ஸ்ரார்ட் ஆவது. தொடர்ந்து ஓடுவது வேறு கணக்கு. 1000 கேவிஏ ஜெனரேற்றர் செற் 600 கிலோவாற் லோட்டில் மணிக்கு ஏறக்குறைய 160 லீற்றர் குடிக்கும். 1000 லீற்றர் டே ராங்க் (எஞ்சினுக்கு நேரே ஊட்டும் சின்ன ராங்க்) ஆறு மணித்தியாலம்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது, அதே நேரம் டீசலுக்கும் வரிசை. பவுசர் நாளைக்கு வரும் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது. 48 மணித்தியாலத்துக்கு ஒரு செற்றுக்கே 7,700 லீற்றர் வளவுக்குள் இருக்கவேணும்.

அதைவிட முக்கியம், பெரிய ராங்கிலிருந்து டே ராங்குக்கு டீசல் ஏற்றும் பம்ப் எந்த மின் போர்டில் இருக்கிறது என்பது. ஒரு வைத்தியசாலையில் அது சாதாரண லைற்றிங் போர்டில், மெயின்ஸில் (வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில்) மட்டும் ஓடுகிற மாதிரி இருந்தது. கீழே ராங்க் நிறைய டீசல், மேலே எஞ்சின் டீசல் இல்லாமல் நின்றது. பம்ப் இரண்டு வேணும், இரண்டும் ஜெனரேற்றர் ஊட்டும் எமர்ஜென்சி போர்டில், பக்கத்தில் ஒரு கைப்பம்பும்.

எங்கள் ஈரக்காற்றில் ராங்க் அடியில் தண்ணீர் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து பில்ற்றரை அடைக்கும். கிழமைக்கொருமுறை அடி வால்வைத் திறந்து வடியுங்கள்.

தெஹிவளை, சில்லர்

நான் பார்த்ததில் மோசமானது நீண்ட மின்வெட்டு இல்லை, இரண்டு செக்கன் டிப், அதாவது மின்சாரம் சட்டென்று விழுந்து திரும்புவது. ஜெனரேற்றர் ஸ்ரார்ட் சிக்னலுக்கு மூன்று செக்கன் தாமதம் வைத்திருப்பார்கள், ஆகவே அது எழும்பாது. மெயின்ஸ் திரும்பி வந்துவிடும். ஆனால் சில்லர் (ஏசிக்குக் குளிர்நீர் தரும் இயந்திரம்) ட்ரிப் ஆகி, யாராவது போய் ரீசெற் பண்ணும்வரை நிற்கும். ஒப்பரேசன் தியேட்டர் சூடாகிய பிறகுதான் தெரியவரும். சில்லர் கன்ட்ரோலரைச் சின்ன யூபிஎஸ்ஸில் போட்டு, தானாகத் திரும்ப எழும்பும் செற்றிங்கை ஓன் பண்ணுங்கள். அப்படியும் முழுக் குளிர் வர ஐந்து, பத்து நிமிடம் எடுக்கும்.

அந்த இடைவெளிக்குக் குளிர்நீர் ராங்க். முழுக் கட்டடத்துக்கும் வேண்டாம், தியேட்டர், ஐசியூ, சேர்வர் அறைக்குப் போதும். 100 ரன் (குளிரூட்டல் அளவு, ton) லோட், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 6 பாகை வித்தியாசம் என்றால் செக்கனுக்கு 14 லீற்றர்; பத்து நிமிடத்துக்கு எட்டரைக் கனமீற்றர். சுற்றும் பம்ப் யூபிஎஸ்ஸில் இல்லாவிட்டால் அந்த ராங்க் வெறும் இரும்பு.

மூன்று சில்லர் வாங்கி ஒரே ஹெடரில் (பொதுவான பெரிய குழாயில்), நடுவில் வால்வு இல்லாமல் கோர்த்தால் மூன்றும் ஒன்றுதான். ஒரு கிளை வால்வின் சீற் (அடைத்து மூடும் பகுதி) போனாலே ஹெடர் முழுக்க வடிக்கவேணும். ஒவ்வொரு கிளைக்கும் இடையில் பிரிவு வால்வு போடுங்கள். கட்டி முடிந்த பிறகு போடுவது பெரும் வேலை.

கொட்டாஞ்சேனை, எரிபொருள்

தம்பி, சில்லரின் சூட்டை வெளியேற்றும் கூலிங் ரவர் தண்ணீரையும் சொல்லியிருக்கலாம்.

தெஹிவளை, சில்லர்

சரி அண்ணா. 300 ரன் முழு லோட்டில் ஓடினால், ரவர் தண்ணீர் ஆவியாகி மிஞ்சும் உப்பை ஐந்து மடங்கு செறியவிட்டு மணிக்கு 2,500 லீற்றர் அளவில் மேக்அப் (ஈடுசெய்யும் புதுத் தண்ணீர்) வேணும். நாளுக்கு 60 கனமீற்றர். வரட்சியில் களனி ஆற்றுக்குள் கடல்நீர் ஏறும் காலத்தில் குழாய்த் தண்ணீரின் குளோரைட்டை அளந்து பாருங்கள். அது கூடினால் செறிவை மூன்று மடங்காகக் குறைக்கவேண்டி வரும், தேவை மணிக்கு 3,000 லீற்றர் அளவுக்கு ஏறும். பழைய கணக்கில் கட்டிய தொட்டி அப்போது போதாது.

வெள்ளவத்தை, மின் பராமரிப்பு

ஒன்று விட்டுப்போனது. 2025 பெப்ரவரி 9 பாணந்துறையில் குரங்கால் நாடு முழுக்க இருண்டதே, அப்படியான நாட்களில் மின்சாரம் வந்து வந்து போகும். ஏடிஎஸ் (மெயின்ஸுக்கும் ஜெனரேற்றருக்கும் இடையே தானாக மாற்றும் சுவிட்ச்) மெயின்ஸுக்குத் திரும்பும் தாமதத்தை ஒரு நிமிடத்தில் விட்டால் சில்லர் திரும்பத் திரும்ப விழும். 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். ஏடிஎஸ் பனலின் ரெஸ்ற் பொத்தான் மட்டும் போதாது. வருடத்துக்கொருமுறை வார்டுக்கு முன்கூட்டிச் சொல்லி, மெயின் பிரேக்கரையே திறவுங்கள். டீசல் பம்ப் பிழையான போர்டில் இருப்பது அன்றைக்குப் பிடிபடும். டே ராங்கில் பம்ப் கட்டாயம் ஓடும் மட்டத்துக்கு டீசலை இறக்கிவைத்துவிட்டுத் திறக்கவேணும், இல்லாவிட்டால் அதுவும் தெரியாது.